ஓரெழுத்துத் திருத்தம்

கட்டற்ற மென்பொருள் என்பது, தன் மூலநிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருள். அந்த உரிமையைக் கொண்டு புதிதாக ஒரு வசதியைச் சேர்ப்பவருக்கு எளிதில் பாராட்டுக் கிடைக்கிறது. அதே உரிமையைக் கொண்டு, ஆவணத்தின் மூலையில் பிறழ்ந்து கிடந்த ஓர் எழுத்தை மட்டும் சரிசெய்துவிட்டு விலகுபவரின் வேலையில் உள்ள நுட்பத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. எழுத்துப்பிழை திருத்தம் புதியவர்களுக்கான எளிய பயிற்சி என்றே பலரும் கருதுகின்றனர். புதியவர்கள் நுழையும் வாயில் அதுதான் என்பது உண்மையே எனினும், கைதேர்ந்தவர்கள் செய்த திருத்தங்களை வரிசையாக எடுத்துப் படிப்பவருக்கு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நன்கறிந்த ஒரு கலை அங்கே இயங்குவது புலப்படும். ஏட்டுச்சுவடிகளையும் அவற்றின் பதிப்புகளையும் அறிந்த தமிழர்க்கு அக்கலை அயலானதும் அன்று.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்குத் தென்மேற்கே, விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் ரயில் பாதையில் உள்ள பெண்ணாடம், பெண்ணாகடம் என்னும் பழம்பெயரால் தேவாரத் தலமாக அறியப்படுவதோடு, சிவஞான போதத்தின் ஆசிரியரான மெய்கண்டார் பிறந்த ஊர் எனவும் சைவ மரபால் போற்றப்படுவது. 13ஆம் நூற்றாண்டினதாகிய அந்நூல் 12 நூற்பாக்களில், 40 அடிகளில் ஒரு முழுத் தத்துவத்தை அடக்கியது. இத்துணைச் சுருங்கிய நூலில் ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும், பொருள் மாறினால் கொள்கையே மாறும். ஆனால் அந்நூல் பல தலைமுறைகளாகப் படியெடுக்கப்பட்டு வந்த பனையோலையிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவில் வேறுபடவில்லை. ஆகாரத்தைக் காட்டும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. ஆகவே ஏட்டைப் படியெடுத்தவர் ஒவ்வொரு சொல்லிலும் கண்ணால் கண்டதைக் கருத்தால் நிறைவுசெய்ய வேண்டியிருந்தது. அவ்வாறு நிறைவுசெய்யும்போது தம் கருத்தை மூலத்துக்குள் நுழைத்துவிடாதிருக்கும் அடக்கமும் அவருக்கு வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய ஏட்டு நூல்கள் அச்சேறியபோது இதே பொறுப்பு ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் கைக்கு வந்தது. பிழையற்ற அச்சுக்கு நாவலர் பதிப்புகள் பெயர்பெற்றன. பாடவேறுபாடுகளை அழித்துவிடாமல் அடிக்குறிப்பில் காட்டும் முறைக்குச் சாமிநாதையர் பதிப்புகள் சான்றாயின. திருத்துவதற்கு வேண்டிய துணிவும், திருத்தாமல் குறித்துவைப்பதற்கு வேண்டிய பொறுமையும் ஆகிய இவ்விரு குணங்களும் ஒருசேர வேண்டப்படும் மற்றோர் இடமாகவே இன்றைய மென்பொருள் திட்டங்களின் மூலநிரலைக் காண வேண்டும்.

அங்கே ஒரு திருத்தத்தைக் கண்ணால் காணும் வழி ‘டிஃப்’ எனப்படும் வேறுபாட்டுப் பட்டியல். ஒரு கோப்பின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் வரிவரியாக ஒப்பிட்டு, நீக்கிய வரியின் முன் கழித்தல் குறியும் சேர்த்த வரியின் முன் கூட்டல் குறியும் இட்டுக் காட்டும் இக்கருவி, 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவானது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலுக்காக எழுதிய ‘கிட்’ என்னும் பதிப்புக் காப்பு மென்பொருளிலும் திருத்தங்களை மதிப்பிடுவோர் பார்ப்பது இந்த வடிவத்தைத்தான். நல்ல எழுத்துப்பிழைத் திருத்தத்தின் அழகு முழுவதும் இந்தப் பட்டியலின் சிறுமையில் இருக்கிறது. ஒரு வரி நீங்குகிறது, ஒரு வரி சேர்கிறது, இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபடுகிறது. வழியில் கண்ணில் பட்ட காற்புள்ளியை நகர்த்துவதும், தமக்குப் பிடிக்காத வாக்கியத்தை மாற்றி எழுதுவதும், வரிகளை மீண்டும் மடித்து அடுக்குவதும் இல்லாத அத்தகைய திருத்தத்தைத் திட்டத்தின் பராமரிப்பாளர் சில நொடிகளில் படித்து ஏற்றுக்கொள்ள முடிகிறது; அவருடைய நேரத்துக்குத் தரப்படும் மதிப்பே அந்தச் சிறுமையாக வெளிப்படுகிறது.

பிழைகளின் இயல்பும் ஆராயத்தக்கது. 1964இல் ஃபிரெடெரிக் டமராவ் என்னும் ஆய்வாளர், எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவை, ஓர் எழுத்து மிகுதல், ஓர் எழுத்து குறைதல், ஓர் எழுத்து வேறொன்றாதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுதல் என்னும் நான்கில் ஒன்றாகவே அமைவதைக் காட்டினார். இன்றைய பிழைதிருத்திகள் பலவற்றின் கணக்கு இந்தப் பகுப்பில்தான் நிற்கிறது. நன்னூல் கற்றவருக்கு இப்பகுப்பின் முதல் மூன்றும் உடனே அடையாளம் தெரியும்: சொற்கள் புணரும்போது நேரும் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தவர் பவணந்தியார். நான்காவதும் தமிழுக்குப் புதிதன்று. தசை சதையாவதையும் விசிறி சிவிறியாவதையும் எழுத்து நிலைமாறுதல் என்று இலக்கணம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. புணர்ச்சியில் இலக்கணமாக ஏற்கப்படும் அதே மாற்றங்கள் விசைப்பலகையில் பிழையாகக் கருதப்படுகின்றன என்பதால், தமிழ் இலக்கணப் பயிற்சி உடைய ஒருவர் இந்த வேலைக்குப் பாதி ஆயத்தத்தோடு வருகிறார் என்று சொல்வது மிகையாகாது.

ஆயினும் பிழையைக் கண்டறிவது இக்கலையின் சிறுபகுதியே. அது எங்கே இருக்கிறது என்று அறிவதே பெரும்பகுதி. நிரலில் மனிதர்களுக்காக மட்டும் எழுதப்பட்டு, கணினியால் புறக்கணிக்கப்படும் விளக்கக் குறிப்பில் பிழை இருந்தால் அதைத் தயக்கமின்றித் திருத்தலாம். பயனர் திரையில் காணும் செய்தியில் இருந்தால், அச்செய்தியை வேறொரு நிரல் எழுத்து மாறாமல் தேடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே திருத்தலாம். செயற்கூறு ஒன்றின் பெயரிலேயே பிழை இருந்தாலோ, அப்பெயரைச் சொல்லி அழைக்கும் பிற நிரல்கள் எத்தனை என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். சூளைக்குப் போகுமுன் பச்சை மண்ணை எப்படியும் வளைக்கலாம், சுட்டபின் வளைக்க இயலாது என்பது விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி அறிந்தது, வெளியிடப்பட்ட பெயர்களுக்கும் அந்த விதியே பொருந்தும். யுனிக்ஸில் கோப்பு உருவாக்கும் அழைப்பின் பெயர், ‘கிரியேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசி ‘இ’ விடுபட்ட நிலையிலேயே நிலைத்துவிட்டது. யுனிக்ஸை மீண்டும் வடிவமைத்தால் எதை மாற்றுவீர் என்று கேட்கப்பட்டபோது, அந்த விடுபட்ட எழுத்தைச் சேர்ப்பேன் என்று அதன் ஆசிரியர்களுள் ஒருவரான கென் தாம்சன் விடையளித்ததாக நிரலர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். இணையப் பக்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று அறிவிக்கும் ‘ரெஃபரர்’ என்னும் தலைப்புவரி, இருமுறை வரவேண்டிய ‘ஆர்’ எழுத்து ஒருமுறை மட்டும் வந்த நிலையில் 1996ஆம் ஆண்டின் எச்டிடிபி ஆவணத்தில் இடம்பெற்று, உலகின் எல்லா உலாவிகளிலும் சேவையகங்களிலும் ஊன்றிவிட்டது. பிற்காலத்தில் வகுக்கப்பட்ட ‘ரெஃபரர் பாலிசி’ என்னும் தலைப்புவரியோ இரண்டு ‘ஆர்’களுடன் சரியாக எழுதப்பட்டது. பிழையும் திருத்தமும் இவ்வாறு ஒரே நெறிமுறைக்குள் அருகருகே வாழ்கின்றன. அவற்றுள் முன்னதைத் தொடாமல் விடுவதுதான் தேர்ந்த திருத்துநருக்கு அழகு.

இந்தப் பகுத்தறிவு ஒரு கருவியின் வடிவத்திலும் புகுந்திருப்பதைக் ‘கோட்ஸ்பெல்’ என்னும் கட்டற்ற மென்பொருள் காட்டுகிறது. வழக்கமான பிழைதிருத்தி ஓர் அகராதியை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத சொல் ஒவ்வொன்றையும் பிழை என்று சொல்லும். நிரலிலோ அகராதியில் இல்லாத பெயர்கள் மலிந்திருப்பதால் அதன் கூச்சலுக்கு நடுவே உண்மைப் பிழை மறைந்துபோகும். கோட்ஸ்பெல் இதைத் தலைகீழாக்கி, மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளை மட்டுமே, விக்கிப்பீடியாவில் தொகுக்கப்பட்ட பிழைப் பட்டியலைத் தொடக்கமாகக் கொண்டு, சேர்த்துவைத்திருக்கிறது. மாற்றும்படி பணித்தால், ஒரு பிழைக்கு ஒரே திருத்தம் உறுதியாக இருக்கும் இடத்தில் அது தானாகவே மாற்றும். இரண்டு திருத்தங்கள் சாத்தியமானால் இரண்டையும் காட்டிவிட்டு மனிதரின் முடிவுக்கு விட்டுவிடும். லினக்ஸ் கருநிரலின் மூலத்திலும் இத்தகைய பிழைப் பட்டியல் ஒன்று இடம்பெற்று, புதிதாக வரும் மாற்றங்களைச் சோதிக்கப் பயன்படுகிறது. சரியான சொற்களின் பட்டியலைவிடத் தவறான சொற்களின் பட்டியல் சில இடங்களில் அறிவு மிக்கது என்பதை இக்கருவி உணர்த்துகிறது. தமிழுக்கென்று அத்தகைய பட்டியல் ஒன்றை அக்கறையோடு வளர்ப்பது தமிழ் மாணவர் எவரும் செய்யத்தக்க பெரும் பணி.

தமிழில் மென்பொருள் ஆவணங்கள் எழுதப்படுவதும் இன்று அரிதன்று. 2012இல் தொடங்கிய கணியம் இதழும், அதன்வழி வந்த ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் எவரும் பகிரவும் திருத்தவும் இடந்தரும் உரிமத்தில் வெளியாயின. பெண்ணாடத்துக்கு வடக்கே அதே ரயில் பாதையின் தொடக்கமான விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் பயனர் குழு ஒன்றும் இயங்கிவருகிறது. இந்த எழுத்துகளிலும் தமிழாக்கப்பட்ட மென்பொருள் திரைகளிலும் திருத்துநர் சந்திக்கும் சிக்கல்கள் ஆங்கிலத்தில் இல்லாதவை. ‘கோப்பைத் திற’ என்னும் கட்டளையில் ஒற்று விடுபட்டு ‘கோப்பை திற’ என்றானால், இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற கோப்பு, குடிக்கும் கோப்பையாகத் தோன்றத் தொடங்கும். அதைவிட நுட்பமானது, கோப்பின் பெயரை நிரல் ஓடும்போதுதான் நிரப்பும் இடங்காட்டிக் குறிகளால் நேர்வது: என்ன பெயர் வருமென்று முன்கூட்டித் தெரியாததால் அதனோடு ‘ஐ’ உருபைப் புணர்த்த இயலாது, ஒட்டாமல் தனியே விட்டாலோ தமிழாக இராது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர், இடங்காட்டிக்குப் பின் ‘என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்று எழுதி, எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் வழுவின்றி நிற்கும்படி செய்துவிடுகிறார். அந்த ‘என்னும்’ இலக்கண அறிவும் நிரல் அறிவும் ஒன்றாய்ப் புழங்கும் இடம்.

எல்லாவற்றிலும் ரசிக்கத்தக்கது, கண்ணுக்கே தெரியாத பிழை. ‘மௌனம்’ என்னும் சொல்லை ஔகாரக் குறியீட்டைக் கொண்டும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் மகரத்தையும் அடுத்து ளகர எழுத்தையும் வைத்து ‘மெளனம்’ என்றும் பலர் தட்டச்சு செய்துவிடுகின்றனர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் ஒருங்குறியில் இரண்டும் வெவ்வேறு எண்களின் தொடர். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது, அகரவரிசையிலும் இடம் மாறி நிற்கும். ஒகர ஓகாரக் குறிகளை ஒரே எண்ணாகவோ இரண்டு பகுதிகளாகவோ எழுதினாலும் ஒருங்குறி நெறி அவற்றைச் சமமென்று ஏற்றுச் சீராக்கிவிடும். ளகரம் தனி எழுத்தாதலால் இந்தப் பிழைக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ் எண்ணான ‘௧’ இருக்கவேண்டிய இடத்தில் ககரமும், ‘௨’ இருக்கவேண்டிய இடத்தில் உகரமும் புகுவதும் இவ்வகையே. இத்தகைய பிழையைத் திருத்தும்போது டிஃப் பட்டியலில் நீக்கிய வரியும் சேர்த்த வரியும் முற்றிலும் ஒன்றாகத் தெரியும். எதுவும் மாறாத மாற்றம் போலக் கிடக்கும் அதைப் பராமரிப்பாளர் நிராகரித்துவிடாதிருக்க, எந்தக் குறி எண் எந்தக் குறி எண்ணாக மாறியது, மாறாவிட்டால் தேடல் எவ்வாறு தவறும் என்பதை மாற்றக் குறிப்பில் எழுதியாக வேண்டும். காலையும் ரகரத்தையும் பிரித்தறிந்த பழைய ஏட்டு வாசகரின் கூர்மை, எழுத்து வடிவங்கள் தெளிவுபெற்ற பின்னும் வேறொரு வடிவில் தேவைப்படுவதை இங்கே காணலாம்.

எண்ணிக்கைக்காகச் செய்யப்படும் திருத்தங்கள் இந்தக் கலையைச் சேர்ந்தவை அல்ல. அக்டோபர் மாதத்தில் சில மாற்றங்களை அனுப்பியவர்க்குச் சட்டை பரிசளித்து வந்த ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வில், 2020இல் தேவையற்ற ஒற்றைச்சொல் மாற்றங்கள் வெள்ளமாய்க் குவிந்து பராமரிப்பாளர்களைத் திணறடித்தன. விரும்பி இணைந்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் வரும் என்று நிகழ்வின் நடுவிலேயே விதி மாற்றப்பட்டது. நல்லெண்ணத்தோடு ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கான வரிகளைத் தொடும் பெருந்திருத்தத்துக்கும் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார், ஏன் மாற்றினார் என்று கேட்கும்போது, சிந்தித்து எழுதியவரின் பெயர் மறைந்து திருத்தியவரின் பெயர் முன்வந்து நிற்கும். 2019இல் கிட் மென்பொருளின் 2.23ஆம் பதிப்பு, இத்தகைய மாற்றங்களைத் தாண்டிச் சென்று மூலக் கையைக் காட்டும் வசதியைச் சேர்த்தது. திருத்தியவரின் பெயருக்கு உரிய இடம் எது என்பதை வேறொரு தமிழ்ப் பணி அழகாகக் காட்டியிருக்கிறது: 1998 பொங்கலன்று தொடங்கி, மெய்கண்ட சாத்திரங்கள் உட்பட நூற்றுக்கணக்கான நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னாக்கிய மதுரைத் திட்டம், நூலின் முகப்பில் தட்டச்சு செய்தவரோடு மெய்ப்பு பார்த்தவரின் பெயரையும் பொறித்து வருகிறது. தமிழ் விக்கிமூலத்திலோ ஒருவர் மெய்ப்பு பார்த்த பக்கம் மஞ்சள் நிறத்தில் காத்திருந்து, வேறொருவர் சரிபார்த்த பின்பே பச்சை நிறம் பெறுகிறது.

இன்னொரு வழக்கமும் கவனிக்கத்தக்கது. மென்பொருள் செய்திகளை மொழிபெயர்க்கப் பயன்படும் ‘கெட்டெக்ஸ்ட்’ முறையில், ஆங்கில மூலவரியே மொழிபெயர்ப்புகளைத் தேடும் திறவுச்சொல்லாகவும் இருக்கிறது. ஆகவே மூலவரியில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினாலும், மொழிபெயர்ப்புக் கோப்புகள் புதுப்பிக்கப்படும்போது அதன் தமிழாக்கமும் பிற மொழியாக்கங்களும் ‘ஐயத்துக்குரியது’ என்னும் குறி பெற்று, மீண்டும் சரிபார்க்கப்படும் வரை வழங்காமல் போய், பயனரின் திரையில் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலம் தோன்றிவிடும். ஆங்கிலப் பிழையைத் திருத்தும் நல்ல திருத்துநர், அப்பிழை தமிழாக்கத்தின் பொருளைப் பாதிக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, தமிழ்க் கோப்பிலும் பிற மொழிக் கோப்புகளிலும் மூலவரியைத் தம் கையாலேயே ஒத்தவாறு மாற்றி, அந்த ஐயக்குறி விழாதபடி பார்த்து, அனைத்தையும் ஒரே மாற்றமாக அனுப்பிவைக்கிறார்.