ஜீவாவும் ஈரங்கொல்லியும்

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் சர்வாதிகாரியைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறார் என்றால் ஊரார் சட்டென்று நம்பமாட்டார்கள். ஸ்ரீரங்கம் என்றால் தேவதைகள், கிரிக்கெட், சித்திரை வீதித் திண்ணை என்று சுஜாதாவே நம்மைப் பழக்கிவிட்டார். ஆனாலும் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ சர்வாதிகாரத்தைப் பற்றிய கதைதான். அன்று அதை யாரும் அப்படிப் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஜீனோ என்கிற இயந்திர நாய்க்காகப் படித்தோம். பேசுகிற நாய், புத்தகம் படிக்கிற நாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நாட்டை ஆள்கிறவரைக் கவனிக்க மறந்துவிட்டோம். சர்வாதிகாரிகளுக்கு இது மிகவும் சௌகரியமான ஏற்பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆள்கிறவர் பெயர் ஜீவா. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அந்த வருஷங்களும் வந்து போய்விட்டன. ஜனங்களுக்கெல்லாம் இரண்டெழுத்துப் பெயர். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலாவுக்கும் சிபிக்கும் அந்த அனுமதி கிடைக்கிறது. கிடைத்த கையோடு சிபி காணாமற் போகிறான். அவனைத் தேடிக்கொண்டு போகிற வழியில்தான் கடைசியில் தெரிகிறது, ஜீவா என்று ஒரு மனிதனே கிடையாது, ஒளியால் செய்த வெறும் உருவம் என்று.

இந்தக் கற்பனை எங்கோ அயல்நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பில் ஊரை விட்டுப் போன உற்சவர், 1371-ல் திரும்பி வந்தார் என்று கோயிலொழுகு சொல்கிறது. வந்தவர்தான் பழைய பெருமாளா என்று ஊரில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. அறிந்தவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கண் தெரியாத கிழ ஈரங்கொல்லி ஒருவன், பெருமாள் வஸ்திரங்களை வெளுத்தவன், திருமஞ்சனம் செய்த ஈர வஸ்திரத்தைப் பிழிந்து வாயில் விட்டுப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றானாம். சுஜாதா இதை மனத்தில் வைத்து எழுதினாரா என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஜீவாவின் ராஜ்யத்தில் இல்லாதவன் இந்த வண்ணான்தான். எல்லோரும் ஜீவாவைப் பார்க்கிறார்கள். அவருடைய வேஷ்டியைத் துவைத்தவன் ஒருவன்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் நாவலோடு எனக்குச் சண்டை. ஜீவா எப்படி வந்தார்? ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் அதை எந்த நாளில் நிறுத்தினார்கள்? நாவல் அந்தப் படியைத் தாண்டிக் குதித்து ஓடுகிறது. நாலைந்து சதிகாரர்களும் ஒரு இயந்திரமும் போதும் என்று நம்மைச் சமாதானம் செய்கிறது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓட்டு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு கொண்ட மனிதர் எழுதியது என்பதால் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. சோ இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். 1968-ல் மேடையேறிய ‘முகமது பின் துக்ளக்’கில் சுல்தான் வாள் எடுத்துக்கொண்டு வருவதில்லை, தேர்தலில் நின்று வருகிறார். இலக்கியமாகப் பார்த்தால் சுஜாதாவின் எழுத்துக்கு முன் அது நிற்காது. ஆனால் வாசற்கதவு எங்கே இருக்கிறது என்று காட்டியது அதுதான்.

கதவு எங்கே என்று தேட நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. அங்கேயும் 1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லரைப் பதவியில் வைத்தது ஜனாதிபதியின் கையெழுத்துத்தான் என்பது வேறு விஷயம். இங்கே 1971-ல் இந்திரா காந்தி 352 இடங்களில் ஜெயித்தார். நான்கு வருஷம் கழித்து அவர் கையில் எடுத்த அரசியல் சட்டப் பிரிவும் 352. இலக்கங்களுக்குக்கூட ஒரு விளையாட்டு உண்டு போலிருக்கிறது. 1975 ஜூன் 12-ல் அலகாபாத் தீர்ப்பு, 25-ந் தேதி இரவு ஜனாதிபதியின் கையெழுத்து. மந்திரிசபைக்கே மறுநாள் காலையில்தான் தெரியும். எல்லாம் சட்டப்படி. அடுத்த ஏப்ரலில், சிறையில் அடைபட்டவன் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். முடியும் என்றவர் எச். ஆர். கன்னா ஒருவர்.

இது வடக்கத்தி சமாசாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1956 மே மாதம் திருச்சியில் கூடிய தி.மு.க. மாநாட்டில், தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று வந்திருந்த தொண்டர்களையே கேட்டார்கள். பெட்டி வைத்து ஓட்டு வாங்கினார்கள். தலைவர் சொன்னால் போதாதா என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் எல்லாக் கட்சியிலும் அது ஒன்றுதான் தோன்றியது. 2011-ல் ஸ்ரீரங்கத்தில் நின்று ஜெயித்த ஜெயலலிதாவின் காலில் மந்திரிகள் விழுந்த படங்களைப் பார்த்துச் சிரித்தோம், சிரித்ததோடு சரி.

1977 மார்ச்சில் வடக்கே இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். தமிழ்நாட்டில் காங்கிரஸும் அண்ணா தி.மு.க.வும் இந்தியக் கம்யூனிஸ்டும் சேர்ந்த அணிக்கு 39-ல் 34 இடம். நெருக்கடி நிலையை ஆதரித்த கம்யூனிஸ்ட் கட்சியின் எம். கல்யாணசுந்தரத்தையே திருச்சி மறுபடி அனுப்பிவைத்தது. அதற்கு முந்தின வருஷம் ஜனவரி 31-ல் கலைக்கப்பட்ட மாநில ஆட்சியின்மேல் கோபம், எம்.ஜி.ஆர். மேல் பிரியம் என்று காரணம் சொல்லலாம்; பொய்யில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. நானும் நீங்களும் அவர்கள் வீட்டில் காபி சாப்பிட்டிருக்கிறோம்.

சுஜாதா எழுதாமல் விட்டது இந்தக் காபி சாப்பிட்ட மனிதரைத்தான். சித்திரை வீதியில் அவரை எத்தனை கதைகளில் எவ்வளவு பிரியத்தோடு எழுதியிருக்கிறார்! சர்வாதிகார நாவலுக்குள் மட்டும் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. ஆனால் ‘மீண்டும் ஜீனோ’வில் ஒன்று செய்தார். ஜீவாவின் வேஷம் கலைந்ததும் நிலாவைக் கொண்டுவந்து ராணியாக உட்கார வைக்கிறார்கள். ஆட்டிவைக்கிறவர்கள் அதே ஆட்கள். ஒளி உருவத்துக்குப் பதில் ரத்தமும் சதையுமாக ஒரு பெண். ஜனங்கள் பழையபடி வாழ்த்துகிறார்கள். இவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலாவுக்கே அந்தச் சந்தேகம் வர வெகுநாள் ஆகிறது.