ஒளிப்படக் கலைஞரும் முகவர் நிலையங்களும் — சில விமர்சனக் குறிப்புகள்

ஒரு கலைப்பொருளை மதிப்பிட முற்படும் விமர்சகர் அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் நோக்குவதோடு அமைதல் போதாது. அது எத்தகைய உற்பத்தி உறவுகளினிடையே தோன்றியது, யாரால் விலை நிர்ணயிக்கப்பட்டது, யார் கைக்குச் சென்றது என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும் என்பது நமது பல்கலைக்கழகத் தமிழ் விமர்சனத்தில் நெடுங்காலமாக வலியுறுத்தப்பட்டு வந்த கருத்தாகும். நாவலையும் கூத்தையும் இவ்வாறு நோக்கிய நாம் ஒளிப்படத்தை அவ்வாறு நோக்கியது குறைவு. அதிலும், விளம்பரங்களிலும் பாடநூல்களிலும் சஞ்சிகை அட்டைகளிலும் நாள்தோறும் நம் கண்ணிற்படுகின்ற, எடுத்தவர் பெயர் அறியப்படாத படங்களை நாம் விமர்சனத்திற்குரிய பொருளாகவே கருதியதில்லை. அப்படங்களை எடுப்போருக்கும் அவற்றை விற்கும் முகவர் நிலையங்களுக்கும் இடையே நிலவும் முரண்பாட்டை இக்கட்டுரை ஆராய முனைகின்றது. அம்முரண்பாடு பணத்தைப் பற்றியது மட்டுமன்று. அது படத்தின் உருவத்தையே நிர்ணயிக்கின்றது என்பதே இங்கு எடுத்துரைக்கப்படும் கருத்து.

'ஸ்ரொக்' படம் எனப்படுவது யாது? குறித்த ஒருவர் கேட்டு எடுக்கப்படாது, என்றோ ஒருநாள் யாரோ ஒருவருக்குத் தேவைப்படும் என்ற எதிர்பார்ப்பில் எடுத்துச் சேமிக்கப்பட்டு, வேண்டுவோர்க்குப் பயன்பாட்டுரிமை விற்கப்படும் படமே அது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழிலின் தொடக்கத்தைக் குறிப்பிடுவோர் 1920இல் எச். ஆம்ஸ்ரோங் றொபேட்ஸ் நிறுவிய நிலையத்தைச் சுட்டுவர். நாசி ஜேர்மனியிலிருந்து 1935இல் பெட்டிகள் நிறையப் படங்களுடன் வெளியேறிய ஒற்றோ பெற்மன் நியூயோர்க்கில் உருவாக்கிய படக் களஞ்சியம் பின்னர் இத்துறையின் பெருஞ் செல்வமாயிற்று. இந்நிலையங்களுக்கும் கலைஞர்களுக்கும் இடையே 1970களிலும் 1980களிலும் பெருவழக்காயிருந்த ஏற்பாடு, விற்பனையிற் பாதிக்குப் பாதி என்பதாகும். படம் எங்கே, எத்துணைப் பிரதிகளில், எவ்வளவு காலத்துக்கு வெளிவரும் என்பதைப் பொறுத்து விலை பேசப்பட்டது. ஒரு நல்ல படம் அதனை எடுத்தவருக்குப் பல்லாண்டுகள் வருவாய் தரும் தென்னையாக நின்றது.

இந்த உறவு அன்றும் சுமுகமானதாக இருந்ததில்லை. 1947இல் றொபேட் கப்பா, ஹென்றி கார்த்தியே பிறெசோன், ஜோர்ஜ் றொட்ஜர், டேவிட் சீமோர் முதலானோர் 'மக்னம்' என்னும் கூட்டுறவை நிறுவியதன் காரணம், படத்தின் பதிப்புரிமை அதை வெளியிடும் சஞ்சிகையிடமன்றி எடுத்தவரிடமே இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கையாகும். ஆயின் மக்னம் பெயர்பெற்ற சிலரின் கோட்டை. பெயர்பெறாத பல்லாயிரவர்க்கு முகவர் நிலையமே கதி.

1990களில் நிலைமை தலைகீழாக மாறியது. சியாற்றில் நகரில் 1991இல் தோன்றிய 'போட்டோடிஸ்க்' போன்ற நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான படங்களை ஒரே இறுவட்டில் அடக்கி, ஒருமுறை பணம் செலுத்தியவர் விரும்பியவாறு மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என விற்றன. பயன்பாட்டுக்கு ஏற்ற விலை என்ற பழைய நியதி இதனால் தகர்ந்தது. பில் கேற்ஸ் 1989இல் தொடங்கிய, பின்னர் 'கோர்பிஸ்' எனப் பெயர்பெற்ற நிறுவனம் 1995இல் பெற்மன் களஞ்சியத்தையும், 1999இல் பிரெஞ்சு நிலையமான 'சிக்மா'வையும் விலைக்கு வாங்கியது. மார்க் கெற்றியும் ஜொனதன் க்ளைனும் 1995இல் தொடங்கிய நிறுவனம் போட்டோடிஸ்க்கையும் வேறு பல நிலையங்களையும் விழுங்கிக் 'கெற்றி இமேஜஸ்' ஆக வளர்ந்தது. 2016இல் கோர்பிஸின் படங்கள் சீன நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டபோது, சீனாவுக்கு வெளியே அவற்றை விற்கும் உரிமை கெற்றியிடமே வந்து சேர்ந்தது. காணி கைமாறும்போது குத்தகைக்காரனும் கைமாறுவது போல, ஒரு நிலையத்தை நம்பிப் படங்களை ஒப்படைத்தவர் பிறிதொரு நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டவராயினார்.

கனடாவின் கல்கரி நகரில் 2000ஆம் ஆண்டு புறூஸ் லிவிங்ஸ்ரன் தொடங்கிய 'ஐஸ்ரொக்போட்டோ' தொடக்கத்தில் படம் எடுப்போர் தம்முள் இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் களமாகவே இருந்தது. பின்னர் மிகச் சிறு தொகைக்கு விற்பனை தொடங்கிற்று. 2006இல் கெற்றி அதனை 5 கோடி டொலருக்கு வாங்கியது. அங்கு பிற நிலையங்களுக்கும் படங் கொடுத்தவர்களின் பங்கு நூற்றுக்கு 20 ஆக இருந்தது. 2010 செப்ரெம்பரில் அதனை 15 முதல் 20 வரையான படிநிலைகளாக மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. 2003இல் ஜொன் ஓறிஞ்சர் தொடங்கிய 'ஷட்டர்ஸ்ரொக்' மாதச் சந்தா முறையைப் பெருவழக்காக்கியது. 2020 யூன் மாதத்தில், பெருந்தொற்றினால் பலர் தொழிலிழந்திருந்த வேளையில், அந்நிறுவனம் நூற்றுக்கு 15 முதல் 40 வரையான ஆறு படிகளைப் புகுத்தியது. ஆண்டு முழுவதும் விற்று மேற்படிக்கு ஏறியவரும் ஜனவரி முதலாந் திகதி மீண்டும் அடிப்படிக்கு இறங்குவார் என்பது அதன் விதி. சந்தாவில் விற்கப்படும் படத்துக்கு முன்னர் குறைந்தது 25 சதம் பெற்றவர், இனி 10 சதம் பெறலாம் என்றாயிற்று. பலர் தம் படங்களை விற்பனையிலிருந்து நீக்கினர். நிறுவனம் விதியை மாற்றவில்லை.

நமது வயல்களில் வாரத்துக்குச் செய்யும் முறையை அறிந்தோர்க்கு இவ்விடத்து ஒன்று புலனாகும். நிலம் நிலக்கிழாருடையது என்பதே அவர் வாரம் பெறுவதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அவ்வாரத்தையே அதிகமெனக் கருதி 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்த முனைந்தது. ஒளிப்படத் தொழிலிலோ நிலமும் விதையும் எருதும் உழவருடையவை: கமரா, பயணம், நடிப்போர்க்குக் கூலி, தொழினுட்பக் கல்வி யாவும் கலைஞரின் செலவு. சந்தை மட்டுமே முகவருடையது. எனினும் 85 பங்கு சந்தைக்குரியவருக்குப் போகின்றது. ஓர் முகவர் வேறொரு முகவருக்குப் படத்தைக் கைமாற்றி விற்கும்போது, கலைஞருக்குக் கிடைப்பது பங்கின் பங்கு.

முகவர் நிலையங்களின் சார்பிலும் நியாயம் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. கோடிக்கணக்கான படங்களைச் சேமித்தல், தேடற் பொறியமைத்தல், வாங்குவோரைக் கண்டடைதல், உரிமை மீறலுக்கெதிராக வழக்காடுதல் என்பன தனிமனிதரால் ஆகாதவை. மேலும், பாதிக்குப் பாதி என்ற 'பொற்காலம்' நியூயோர்க்கிலும் லண்டனிலும் அலுவலகப் படியேறக் கூடியவர்களின் பொற்காலமே. ஐஸ்ரொக்போட்டோ போன்ற களங்கள் கிழக்கு ஐரோப்பாவின் மாணவரையும் ஆசியாவின் சிறுநகரங்களில் வாழும் பொழுதுபோக்குக் கலைஞரையும் முதன்முறையாக உள்ளே விட்டன. பழந் தொழிலாளரின் முறைப்பாட்டில் தம் குலத்தொழிலைப் பிறர் கைக்கொண்டனரே என்ற ஆற்றாமையும் கலந்திருந்தது. ஆனால், கதவு திறக்கப்பட்டமை வேறு; திறந்த கதவால் வந்தோர் பெருகியமையைக் காட்டியே கூலியைக் குறைத்தமை வேறு. தொழிலாளர் சந்தை பற்றி அரிச்சுவடி அறிந்தோர்க்கும் பின்னையது புதிதன்று.

இனி, இவ்வுறவு படத்தின் உருவத்தை எவ்வாறு நிர்ணயிக்கின்றது என்பதை நோக்கலாம். கைகுலுக்கும் இரு கரங்கள். தலையில் ஒலிவாங்கி அணிந்து புன்னகைக்கும் பெண். நாணயம் விழும் பன்றி வடிவ உண்டியல். தனித்திருந்து பச்சைக் காய்கறிக் கலவையைப் பார்த்துச் சிரிக்கும் மங்கை — இவை எந்நாட்டினவும் அல்ல, எக்காலத்தினவும் அல்ல. பத்துச் சதம் பெறுபவர் வாழ வேண்டுமாயின் ஒரே படம் ஆயிரம் பேருக்குப் பயன்பட வேண்டும்; ஆயிரம் பேருக்குப் பயன்பட வேண்டுமாயின் அதில் ஓர் ஊரின் பெயர்ப்பலகையோ, ஒரு காலத்தின் அடையாளமோ, ஒரு மனிதரின் தனித்துவமான துயரமோ இருத்தலாகாது. படத்துடன் ஏறத்தாழ ஐம்பது திறவுச்சொற்களையும் கலைஞரே எழுதிக் கொடுக்கின்றார்: வெற்றி, ஒற்றுமை, தனிமை, நம்பிக்கை. சொல் முன்னே செல்லப் படம் அதன் பின்னே ஏவலாளாக நடக்கின்றது.

பொதுமைப்படுத்தல் தன்னளவிற் குற்றமன்று என்பதைத் தமிழ் பயில்வோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அகத்திணையில் தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்படாதவர்கள் என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. ஆயின் அந்தப் பெயரின்மையைச் சூழ்ந்து நிற்பவை எத்தனை! இன்ன மரம், இன்ன பறவை, இன்ன பொழுது, இன்ன நிலத்தின் இன்ன தொழில் எனக் கருப்பொருள்கள் செறிந்து நிற்கின்றன. மாந்தர் பெயரை நீக்கிய புலவர்கள் நிலத்தை நீக்கவில்லை. குறிப்பிட்டதொன்றை ஆழ நோக்கியதனாலேயே அவர்கள் பொதுமையை எய்தினர். 'ஸ்ரொக்' படமோ கருப்பொருளை அகற்றி வெண்திரையின் முன் மனிதரை நிறுத்துவதன் மூலம் பொதுமையைப் பெற முயல்கின்றது. முன்னையது செறிவினாற் பெற்ற பொதுமை. பின்னையது வெறுமையினாற் பெற்றது.

இது மேலைநாட்டு அலுவலகப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் தொழில் நடத்திய ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் படநிலையங்கள் இந்நாட்டு மக்களை இனமும் தொழிலும் காட்டும் 'வகை'களாகப் படமெடுத்துப் பயணிகளுக்கு விற்றன. இன்று முகவர் நிலையங்களின் பட்டியல்களில் இலங்கையைத் தேடுவோர் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காணத் தவறார். கூடையும் புன்னகையும் பசுமையும் அங்கு உண்டு. எந்தத் தோட்டம், எந்த லயம், அன்றைய நாட்சம்பளம் எவ்வளவு என்பன அங்கு இல்லை. செய்தி, கல்விப் பயன்பாட்டுக்கென வகைப்படுத்தப்படும் படங்களுக்கு அப்பெண்ணின் எழுத்துமூலச் சம்மதமும் பொதுவாக வேண்டப்படுவதில்லை. எடுத்தவருக்குச் சில சதங்களேனும் உண்டு, எடுக்கப்பட்டவருக்கு அதுவுமில்லை. கலைஞர்களின் நியாயமான முறைப்பாடுகளில் இந்த மூன்றாமவரைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

பெயர் பற்றிய பிரச்சினைக்கு வருவோம். இயற்பெயர் அறியப்படாத சங்கப் புலவர் ஒருவருக்குத் தொகுத்தோர் அவரது தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றனர். படைப்பே படைத்தவருக்குப் பெயரளித்த மரபு அது. முகவர் நிலையங்களின் உலகில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. படத்தின் கீழ் நிற்பது பெரும்பாலும் விற்றவரின் பெயரே. 2010 ஜனவரி 12ஆந் திகதி ஹெயிற்றியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் படமெடுத்த டானியல் மொறெல் அப்படங்களை ருவிற்றர் வழியாக வெளியிட்டார். பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏ.எவ்.பி. அவற்றை வேறொருவர் பெயரிட்டு விநியோகித்தது. கெற்றி அவற்றை விற்றது. மொறெல் வழக்காடினார். நிறுவனங்கள் இரண்டும் அறிந்தே உரிமையை மீறின எனக் கண்ட நியூயோர்க் யூரிமார் 2013 நவம்பரில் அவருக்கு ஏறத்தாழ 12 இலட்சம் டொலர் வழங்குமாறு தீர்த்தனர். கரல் ஹைஸ்மித்தின் கதை இன்னும் விசித்திரமானது. தாம் எடுத்த படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் மூலம் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கிய அவருக்கு, தமது படமொன்றைத் தாமே பயன்படுத்தியமைக்காக 120 டொலர் செலுத்துமாறு 'அலமி' என்னும் நிலையத்தின் சார்பிற் கடிதம் வந்தது. 2016இல் அவர் கெற்றி, அலமி முதலியவற்றின்மீது தொடுத்த வழக்கில் பதிப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. பொதுவுடைமையாக வழங்கப்பட்டதை எவரும் விற்கலாம் என்பதே நிறுவனங்களின் வாதம். கொடையையும் சரக்காக்கும் வல்லமை இவ்வமைப்புக்கு உண்டு.

எதிர்ப்புகள் இல்லாமற் போகவில்லை. 2013 ஜனவரியில், கூகிளின் எழுத்துக் கருவிகளைப் பயன்படுத்துவோர் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளத் தம் படங்கள் கெற்றியினால் வழங்கப்பட்டிருப்பதையும், அதற்காக ஒருமுறை மட்டும் 12 டொலரளவில் தமக்குத் தரப்பட்டதையும் பல ஐஸ்ரொக் கலைஞர்கள் கண்டனர். அடுத்த மாதம் பலர் ஒன்றுசேர்ந்து ஆயிரக்கணக்கான படங்களை நீக்கினர். அதே ஆண்டில், ஐஸ்ரொக்கைத் தொடங்கிய லிவிங்ஸ்ரனே பிறியானா வெற்லோபருடன் இணைந்து கனடாவின் விக்ரோரியா நகரில் 'ஸ்ரொக்சி' என்னும் கூட்டுறவை நிறுவினார். சாதாரண உரிம விற்பனையில் நூற்றுக்கு 50, விரிவுபடுத்திய உரிம விற்பனையில் 75 கலைஞருக்கு என்பது அதன் ஏற்பாடு. அங்கு வெளியான படங்களில் இயல்பான ஒளியும் குறையுள்ள முகங்களும் மீண்டும் தலைகாட்டியமை தற்செயலன்று. உறவு மாறிய இடத்தில் உருவமும் ஓரளவு மாறிற்று. ஆயினும் உறுப்பினரைத் தெரிந்தெடுத்துத் தொகையைக் கட்டுப்படுத்தியே அது இயங்குகின்றது. மக்னத்துக்குச் சொன்னது இதற்கும் ஓரளவு பொருந்தும்.

இன்று இவ்வுறவு புதியதொரு கட்டத்தை அடைந்துள்ளது. சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளைப் பயிற்றுவிப்பதற்குக் கலைஞர்களின் படங்களே பயன்பட்டன. ஷட்டர்ஸ்ரொக் தன்னிடமிருந்த படங்களை 'ஓப்பின் ஏஐ' நிறுவனத்துக்கு உரிமமாக வழங்கியதை 2022இல் வெளிப்படுத்தி, கலைஞர்களுக்கென நிதியொன்றையும் அறிவித்தது. கெற்றி மாறாக 2023இல் 'ஸ்ரெபிலிற்றி ஏஐ'மீது லண்டனிலும் அமெரிக்காவிலும் வழக்குத் தொடுத்தது. கலைஞரின் உரிமைக்காக வழக்காடுவோராக முகவர் தோன்றிய காட்சி அது. அதே ஆண்டிற் கெற்றியும் தன் களஞ்சியத்தைக் கொண்டு படமாக்கும் பொறியொன்றை வெளியிட்டது. 2025 ஜனவரியில் கெற்றியும் ஷட்டர்ஸ்ரொக்கும் ஒன்றாக இணையும் நோக்கை அறிவித்தன. அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் கெற்றியின் கோரிக்கைகளிற் பெரும்பாலானவற்றை நிராகரித்து, வணிகக் குறி தொடர்பான சிறு பகுதியை மட்டும் ஏற்றது. பொறி உருவாக்கிய சில படங்களில் கெற்றியின் நீர்க்குறி சிதைந்த எழுத்துக்களில் தோன்றியமையே அதற்கு ஆதாரம். பல்லாயிரம் பேர் எடுத்த படங்களைக் கற்ற பொறி, அவற்றின்மேல் எழுதப்பட்டிருந்த ஒரே பெயரையும் கற்றிருந்தது. அது விற்றவரின் பெயர்.