டயரில் படிக்க வேண்டிய நான்கு எண்கள்

சென்ற ஐப்பசியில், மறைமலைநகர் அருகே, என் ஸ்விஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் கடகடவென்று அதிர்ந்தது. வண்டியோ நனைந்த சாலையில் வழுக்கிக்கொண்டே போய்ப் பேருந்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பின் இருக்கையில் அம்மா இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குனிந்து டயரைப் பார்த்தேன். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னதாக ஒரு ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேலே உள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்குக் கீழே ஓட்டச் சட்டத்திலும் இடமில்லை. புது டயரில் இந்தப் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மழைத் தண்ணீரை வெளியே தள்ளி, ரப்பர் தாரைத் தொடும்படி வைத்திருப்பது அந்த ஆழம்தான். என் முன் டயர் இரண்டிலும் மேடு சமமாகியிருந்தது. 2019இல் வண்டியோடு வந்த டயர்கள், 48,000 கிலோமீட்டர் ஓடியவை. இதை நான் இரண்டு மாதம் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் டயரின் பக்கச்சுவரில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டேன்: 185/65 ஆர்15 88 எச். அகலம் 185 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதற்கும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் என்பதற்கும் அடையாளம். அளவைச் சரியாகச் சொல்கிற பலரும் கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். குறைந்த எடை எண் உள்ள டயர் விலை குறைவாகக் கிடைக்கும். ஐந்து பேரும் சாமானும் ஏறும்போது அந்தச் சுமை அதன் மேல்தான்.

தேடியது யோகோஹாமா எர்த்-1. ஏன் அது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒரே டயர், ஒரே அளவு. நான்கு இடத்தில் விலை கேட்டேன்.

பெரிய ஷோரூமில் ஒன்று 6,150 ரூபாய். மாட்டுவது, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் தனி, 1,400. மொத்தம் 26,000. இணையத்தில் 5,450தான். ஆனால் பக்கத்துக் கடையில் மாட்டித் தர ஒன்றுக்கு 250, அலைன்மென்ட்டுக்கு 500, ஆக 23,300. பழைய டயர் நம் தலையில். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், வரிசையாக கார் சாமான் கடைகள் இருக்கிற இடத்தில், ஒரு கடைக்காரர் 5,600 சொன்னார். பேலன்சிங் 600, புது வால்வு நான்குக்கு 320, அலைன்மென்ட் 450. பழைய டயருக்கு ஒன்றுக்கு 250 கழித்துக்கொண்டார். கையை விட்டுப் போனது 22,770. டயர் விலையை மட்டும் பார்த்திருந்தால் இணையம்தான் மலிவு. மொத்தக் கணக்கில் 530 ரூபாய் கூடுதல். அதனால் எந்தக் கடையிலும் “டயர் என்ன விலை” என்று கேட்கவே கூடாது. “வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட், வரி எல்லாம் சேர்த்து, பழசைக் கழித்து, நான் எவ்வளவு தரணும்” என்று கேட்க வேண்டும்.

நான்காவது கடை எல்லாம் சேர்த்து 19,600 என்றது. மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்றால் யாருக்கும் ஆசை வரும். டயரை எடுத்து வரச் சொல்லிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் தேதி இல்லை. பல டயர்களில் அது ஒரு பக்கம்தான் இருக்கும். திருப்பிப் போட்டதும் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 1823. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரம், அதாவது மே மாதத் தொடக்கம். நான் கேட்டது 2025 அக்டோபரில். இரண்டரை வயது டயர்.

“சார், ஓடாத டயர் சார், புதுசுதான்” என்றார் கடைக்காரர். ஓடாதது உண்மை. ஆனால் ரப்பர் அலமாரியில் இருந்தாலும் மூப்படையும். வெயிலும் காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் அதை மெல்ல இறுக்குகின்றன. இறுகிய ரப்பர் நனைந்த தாரைப் பிடிக்காது. ஆறு வயதைத் தாண்டினால், பள்ளம் பாக்கி இருந்தாலும், மாற்றிவிடச் சொல்லும் வாகன நிறுவனங்கள் உண்டு. என்னைப் போல ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டயர் தேய்வதற்கு முன்பே வயது முடிந்துவிடும். அப்படியானால் அந்த 19,600 ரூபாயில் நான் வாங்குவது ஆறு வருடம் அல்ல, மூன்றரை வருடம்.

என் அளவுகோல் இது: ஆறு மாதத்துக்குள் தயாரானதென்றால் சொன்ன விலை, ஒரு வருடம் தாண்டினால் நல்ல தள்ளுபடி கிடைத்தால் மட்டும், இரண்டு வருடம் தாண்டினால் வேண்டவே வேண்டாம். வாடகை வண்டி ஓட்டி ஒரே வருடத்தில் தேய்த்துவிடுகிறவருக்கு இந்தக் கணக்கு மாறும், அவருக்கு ஒரு வயது டயர் நல்ல பேரம். இணையத்தில் வாங்குவதானால், அனுப்புவதற்கு முன்பே அந்த நான்கு எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் வாங்கியதில் 3125 இருந்தது.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 5,000 ரூபாய் ஆகும் டயர் 6,400இலிருந்து 5,900 ஆகியிருக்க வேண்டும். நான்குக்கு 2,000 ரூபாய். பழைய விலையை நினைவில் வைத்துக்கொண்டு “தள்ளுபடி” என்று இந்தக் குறைப்பையே காட்டினால் ஏமாறாதீர்கள். பில் இல்லாமல் இன்னும் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். பக்கச்சுவரில் வீக்கம் வந்து வாரண்டி கேட்கும் நாளில் பில்தான் பேசும். அந்த வாரண்டியும் தயாரிப்புக் குறைக்கு மட்டும். தேய்ந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் ஈடு.

கடையில் இருந்த 195/65 அளவை, “வண்டி கம்பீரமா இருக்கும் சார்” என்று நீட்டினார்கள். அகலம் பத்து மில்லிமீட்டர் கூடினால் டயரின் மொத்த விட்டம் 13 மில்லிமீட்டர் கூடும், இரண்டு சதவீதம். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். வண்டி செய்தவர்கள் சொன்ன அளவே போதும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும். டயரின் எடை குறைந்த இடம் அது. பேலன்சிங் எந்திரம் இரு பக்கமும் பூஜ்யம் காட்டிய பிறகே இறக்கச் சொன்னேன். அலைன்மென்ட் தாளையும் கேட்டு வாங்கினேன். நைட்ரஜன் வேண்டுமா என்று டயர் மாட்டிய தம்பி கேட்டார். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே, வேண்டாம் என்றேன். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அழுத்தத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் பார்த்தால் அதைவிடப் பலன் உண்டு.

இப்போது டயர். லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று விளம்பரம் செய்யும் டயர்களும் இந்த அளவில் இருக்கின்றன. என் ஓட்டத்துக்கு லட்சம் வர பன்னிரண்டு வருடம் ஆகும். அதற்குள் ரப்பர் கிழடாகிவிடும். எனக்கு வேண்டியது ஊருக்குள் அமைதி, மழையில் பிடிப்பு, கொஞ்சம் எரிபொருள் மிச்சம். அதனால்தான் எர்த்-1. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன். புது ரப்பரின் மேல்பூச்சு தேய்ந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

மூவாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு சொல்கிறேன்: திண்டிவனம் போகும் வழியில் எண்பதில் போகும்போது பின் இருக்கையில் பேசுவது முன்னால் தெளிவாகக் கேட்கிறது, முன்பு அப்படி இல்லை. கார்த்திகை மழையில் அதே மறைமலைநகர் சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, ஐம்பதில் பிரேக் அடித்துப் பார்த்தேன். நேர்க்கோட்டில், எதிர்பார்த்த இடத்தில் நின்றது. மைலேஜில் பெரிய மாற்றத்தை நான் காணவில்லை. கல்லும் குழியுமான பாதையில் தினமும் போகிறவர் பக்கச்சுவர் கெட்டியான வேறு வகையைத் தேடலாம். நகரமும் நெடுஞ்சாலையுமாக ஓட்டுகிறவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் என்றால், புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்னால் போடச் சொல்வார்கள். முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அன்று கடையில் டிக்கியைத் திறந்து என்னுடையதையும் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது, பள்ளம் முழுசாக இருந்தது. எண் 0919. அதையும் மாற்றப் போகிறேன். உங்களுடையதை இன்றே பார்த்துவிடுங்கள்.