ஏரிக் கலங்கல்

சென்னையை விட்டுத் திண்டிவனத்துக்குக் குடிவருகிறவர்கள் முதலில் விசாரிப்பது பஸ்ஸையும் பள்ளிக்கூடத்தையும்தான். நானோ ஏரிக்கு அழைத்துப் போவேன். சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்று நகரத்துக்குள் கிடங்கல் என்று இருக்கிறது. அங்கே ஏரியும் உண்டு.

இந்தப் பக்கத்து ஏரிகளில் எனக்கு உயிர் கலங்கல்தான். மதகு பாசனத்துக்கு, கலங்கல் ஏரியைக் காப்பாற்ற. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் கரை உடைவதற்குள் உபரி நீர் கலங்கலின் கல்மேல் தானாக வழிந்துவிடும். திறக்க ஆளே வேண்டாம். கல்லின் விளிம்பில் கண்ணாடியாய் மெலிந்து, கீழே நுரைத்து விழும். எதிர்த்துத் துள்ளும் கெண்டையைப் பிள்ளைகள் துண்டு விரித்துப் பிடிப்பார்கள். எவ்வளவு எளிய, எவ்வளவு அறிவான கட்டுமானம்!

வழிந்த தண்ணீர் வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். மனை வாங்குமுன் அந்த வாய்க்கால் எங்கே ஓடுகிறதென்று கேட்டுவிடுங்கள்.