மலையுச்சிக் கோபுரமும் மலையக மக்களும்

நுவரெலியா நகரை அடுத்து எழுந்து நிற்கும் பீதுருதாலகால மலை 2,524 மீற்றர் உயரமுடையது. இலங்கைத் தீவில் அதனினும் உயர்ந்த இடம் பிறிதில்லை. தேசியத் தொலைக்காட்சியின் தலைமை ஒளிபரப்புக் கோபுரம் அம்மலையின் முடியிலேயே அமைந்தது. அதன் அடிவாரந் தொட்டுத் தலவாக்கலை, ஹற்றன், பொகவந்தலாவை எனப் பரந்து கிடப்பவை தேயிலைத் தோட்டங்கள். நாடெங்கும் படம் பரப்பும் கோபுரத்துக்கு அணித்தாக வாழும் மக்கள், அப்படத்தில் எத்துணை இடம் பெற்றனர் என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

இலங்கையில் தொலைக்காட்சி முதலிற் கொழும்புக்கே உரியதாயிருந்தது. தனியார் சிலரின் முயற்சியால் 1979 ஏப்பிரில் 13ஆம் நாள் சுயாதீன தொலைக்காட்சிச் சேவை தொடங்கிற்று. இரு திங்கள் நிறைவதற்குள், யூன் 5ஆம் நாள், அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அச்சேவையின் அலைகள் தலைநகரையும் அயலையுமே எட்டின. தீவு முழுவதையும் நோக்கிய சேவை யப்பானிய அரசின் கொடையாற் கைகூடியது. ரூபவாஹினி 1982 பெப்ருவரி 15ஆம் நாள் ஒளிபரப்பை ஆரம்பித்தது.

மலையுச்சியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் வெளிப்படை. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. வானொலியின் சிற்றலைகள் விண்ணிற் பட்டுத் திரும்புவதுபோல் இவை திரும்புவதில்லை. குன்றொன்று குறுக்கிட்டால் அதன் பின்னே நிழல் விழும். ஆதலின், நிகழ்ச்சிகள் கொழும்பிலுள்ள கலையகத்தில் ஆக்கப்பட்டு மலையுச்சிக்கு அனுப்பப்பெற, அங்கிருந்து நாற்றிசையும் பரவின. மலை தூணாக நின்றது. பேசிய வாய் கொழும்பினது. வன்னியிலே கொக்காவிலில் நின்ற கோபுரம் 1990இல் யுத்தத்தில் அழிந்து, 2011இலேயே அங்குப் புதிய கோபுரம் எழுந்தது. பீதுருதாலகாலக் கோபுரம் அவ்வகை அழிவுக்கு உள்ளாகவில்லை. ஆயினும், பாதுகாப்பின் பொருட்டு அம்மலைமுடி நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது.

நேர்கோட்டு அலையின் இயல்பால் ஒரு விந்தை விளைவதுண்டு. தொலைவிலுள்ள சமவெளியில் தெளிவாகத் தோன்றும் படம், மலைக்கு மிக அண்மையிலுள்ள ஆழ்ந்த பள்ளத்தாக்கில் மங்கித் துகள் துகளாகத் தோன்றும். ஒருவர் லயத்துக் கூரைமேல் நின்று கழியிற் கட்டிய அன்ரனாவைத் திருப்ப, மற்றொருவர் காம்பராவுக்குள்ளிருந்து “இப்போது சரி” எனக் கூவுதல் தோட்டங்களிற் பழகிப்போன காட்சி. மின்சாரமும் அக்காலத்திற் பல லயங்களை எட்டவில்லை. வாகன பற்றரியைக் கொண்டு பெட்டியை இயக்கினோர் உண்டு.

அலையின் நிழலினும் கொடியது சட்டத்தின் நிழல். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் இரு நாட்டரசுகளும் செய்த ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டதேயன்றிச் சிக்கலை முற்றாகத் தீர்க்கவில்லை. எஞ்சியோர்க்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டமே. ஆகவே, ‘தேசிய’ என்னும் அடைமொழியோடு வந்த தொலைக்காட்சி, தேசத்தின் குடிகளென எண்ணப்படாதோர் பலரின் காம்பராக்களிலும் ஒளிர்ந்தது.

இனி, காட்சிகளின் தன்மையை நோக்குதல் வேண்டும். தமிழ்ச் செய்தியறிக்கை தோட்டத்து மக்களுக்கு நாட்டு நடப்பை அறிவித்தது. அப்பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. எனினும் அம்மக்கள் திரையில் தோன்றிய வேளைகள் எவை? 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டபோது படப்பிடிப்பாளர் விரைந்தனர். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்ற போராட்டம் முற்றியபோதும் வந்தனர். மலையகத்தின் இருநூறாண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தபோதும் வந்தனர். மற்றைய நாட்களில் திரையில் நிலைபெற்றவள் தேயிலை விளம்பரத்துப் பெண்ணே. அவள் பச்சைச் சரிவிலே கூடை சுமந்து நகைத்துக்கொண்டே கொழுந்தெடுக்கிறாள். மடுவத்தில் அக்கொழுந்து நிறுக்கப்படுவதையும், நிறை குறைந்தால் அவளது நாள் அரைப்பேராவதையும் விளம்பரம் காட்டுவதில்லை. காட்டுமென எதிர்பார்ப்பதும் பேதைமையே. ஆயின், விளம்பரம் விட்டதை நாடகமும் விவரணமும் நிரப்பியிருத்தல் வேண்டும். குறை அங்கேதான் உள்ளது. திரைப்படத்துறையில் வி. பி. கணேசன் 1975இலேயே ‘புதிய காற்று’ என்னும் படத்தை மலையகத்தைக் களமாகக் கொண்டு ஆக்கினார். பெரும்பொருளும் நிலையான கலையகமும் உடைய தொலைக்காட்சி அவ்வழியைத் தொடர்ந்து பேணியதாகக் கூறல் இயலாது.

மாசியில் தப்பின் முழக்கத்தோடு ஆடப்படும் காமன் கூத்தை எண்ணுக. அதில் ஆடுவோரும் காண்போரும் ஒரே தோட்டத்தார். மன்மதன் எரியுண்ணும் இரவில் அழுகின்றவர்கள் நடிகர் மாத்திரமல்லர். நாட்கணக்கிற் படியும் அவ்வனுபவத்தை மூன்று நிமிடத் துணுக்காக வெட்டிக் காட்டுதல், காட்டாது விடுதலினும் தீது. அதனை உரியவாறு பதிவுசெய்யக் கருவி மட்டும் போதாது. தோட்டத்திலே தங்கி, அம்மக்களின் பேச்சு வழக்கைக் கேட்டுப் பழகிய ஆக்குநர் வேண்டும். அத்தகையோரை மலையகத்திலேயே தெரிந்து பயிற்றுதல் தொலைக்காட்சி நிறுவனங்களின் கடன்.

1998இல் சக்தி தொலைக்காட்சியும் 2009இல் வசந்தமும் தோன்றியமையால் தமிழுக்குரிய நேரம் பெருகிற்று. பெருகிய நேரத்திற் பெரும் பகுதியைத் தமிழகத் தொடர்கள் கவர்ந்துகொண்டன என்பதும் மறைத்தற்குரியதன்று. சென்னை மாமியார் மருமகள் பூசல் பொகவந்தலாவைப் பெண்ணுக்கு மனப்பாடம். ஆயின் அவள் தாய் பாடிய தாலாட்டு எந்தக் கலையகத்தையும் எட்டவில்லை. இன்று லயக் கூரைகளில் அன்ரனாவின் இடத்தை வட்டத் தட்டுகள் பிடித்துள்ளன. அவை செய்மதியை நோக்கி நிமிர்ந்தவை. பீதுருதாலகாலக் கோபுரத்தை நாடித் திருப்பப்படுபவை அல்ல.