கதைச்சுருக்கத்திற்கு அப்பால்: தோட்டத் திரைப்படமும் தமிழ் வகுப்பும்

திரைப்படத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கொள்வது புதியதன்று. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டிலேயே அதனைத் தொடங்கிவிட்டது. ஆயினும் நம் தமிழ் வகுப்புகளில் திரைப்படம் பெரும்பாலும் கதைச்சுருக்கமாகவே நுழைகிறது. நாவலை நடை, நோக்குநிலை, காலம் எனப் பகுத்து ஆராயும் நாம், படத்திடம் ‘கருப்பொருள் யாது?’ என்ற ஒற்றை வினாவோடு அமைந்துவிடுகிறோம். இக்குறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960களின் இரப்பர்த் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. பல்கலைக்கழகம் செல்ல விழையும் தோட்டத்துப் பெண்ணே அதன் மையம். எம் வகுப்பில் இதனைத் திரையிட்டபோது மாணவர் பலரும் ‘கல்வியின் சிறப்பு’ என்றே எழுதினர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த மாணவி ஒருவர் மட்டும் மாறுபட்டார். பால்மரம் சீவும் வேலை இருளில் தொடங்குவது. ஒரு தோட்டப் படம் அவ்விருளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறது என்பதைக் கொண்டே அது யாருடைய கண்ணால் பார்க்கிறது என அறியலாம் என்றார். தம் பாட்டியின் வாய்மொழியே அவருக்குச் சான்று. அயல்நாட்டில் திரைக்கோட்பாடு பயின்ற எமக்கு அவ்வினா தோன்றவில்லை.

யார் பார்க்கிறார் என்னும் வினா அவ்வூருக்குப் பெரிதும் பொருந்தும். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1946இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவு அக்காலத்தை ஆட்சியின் பக்கம் நின்று படமாக்கியது. அப்படங்களையும் ‘செம்மண் சாலை’யையும் அருகருகே வைத்து ஆராயும் மாணவர், ஒரே தோட்டம் நிருவாகத்தின் பார்வையிலும் லயத்தின் பார்வையிலும் வேறுபடுவதை உணர்வர்.

இது ஊடகத்துறையின் பணி என்பாரும் உளர். அக்கூற்று முழுமையும் ஏற்புடையதன்று. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) என்னும் படத்தின் தலைப்பு, ‘கெட்ட’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லின் தமிழ்ப் பேச்சுவடிவம். இம்மொழிக் கலப்பை அறியாதார்க்குப் படத்தின் வாயிலே திறவாது. 2016இல் மலேசியத் திரைப்பட விழா அதனை முதலில் பிறமொழிப் படங்களுக்கான பிரிவில் ஒதுக்கியது. எதிர்ப்பு எழுந்தபின், சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்கே கிட்டியது. விழா செய்து திருத்திக்கொண்ட பிழையை நாம் துறைப்பிரிவின் பெயரால் தொடரலாகாது.

காட்சியமைப்பும் ஒலியும் தமிழாசிரியர் கற்கத்தக்கவையே. ஆனால் இருளில் மரம் சீவியோரின் சான்று நூலகத்தில் காத்திருப்பதில்லை. அவர்கள் நம்மிடையே உள்ளபோதே அவர்தம் பேரப்பிள்ளைகளிடம் சரியான வினாக்களை ஒப்படைத்தல் நம் கடனாகும்.