1,024 கட்டங்களுக்குள் ஒரு முகம்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் சாலிடேர் ஆடிப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ஆட்டத்திலேயே கவனம் போய்விடுவதால் சீட்டை வரைந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. 1990-ல் விண்டோஸ் 3.0 உடன் வந்த அந்தச் சீட்டுக்கட்டை வடிவமைத்தவர் சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணி. அதற்கு முன், 1984-ல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு ஐகான்களும் எழுத்துருக்களும் செய்தவரும் அவரே. பிக்சல் ஓவியத்தை ரசிக்கப் பழகுகிறவர்கள் இவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

இவர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர். ஓர் அருங்காட்சியகத்துக்காகக் காட்டுப்பன்றிச் சிற்பம் செய்துகொண்டிருந்தபோது, பள்ளித்தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் போன் செய்து ஆப்பிள் வேலையைப் பற்றிச் சொன்னார். கேர் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். அதில் 32-க்கு 32, ஆக மொத்தம் 1,024 கட்டங்கள். அதற்குள்தான் ஒவ்வொரு ஐகானும். ஒரு கட்டம் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை. துணியில் எண்ணி எண்ணித் தைக்கும் பூவேலையும் மொசைக்கும் அவருக்கு முன்பே பழக்கம் என்பதால் கட்டங்கள் அவரை மிரட்டவில்லை.

முதலில், பழைய மெக் இயங்கத் தொடங்கும்போது திரையில் சிரித்ததே, அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் முகத்தை இணையத்தில் தேடி எடுங்கள். சிறிய அளவிலேயே ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். சில செயலிகள் பெரிதாக்கும்போது ஓரங்களை மழுப்பிவிடும். அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பார்க்க வேண்டியதே போய்விடும். கண் என்பது நிமிர்ந்த சிறு கோடு. மூக்கு கீழே சற்றே மடங்கும் ஒரு கோடு. வாயின் இரு முனையிலும் மேலேறும் கட்டங்களை விரலால் மறைத்துப் பாருங்கள், சிரிப்பு காணாமல் போகும்.

இப்போது சாலிடேருக்கு வருவோம். இங்கே நிறம் உண்டு, ஆனால் சங்கடமும் கூடுதல். ஒரு சீட்டு 71 பிக்சல் அகலம், 96 பிக்சல் உயரம். ஆட்டத்தில் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து அடுக்கப்படும்போது, அடியில் உள்ளவற்றின் மேல் ஓரம் மட்டுமே வெளியே தெரியும். ஆகவே எண்ணும் சின்னமும் அந்த மூலையிலேயே முழுச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஆட்டினும் டைமனும் இரண்டுமே சிவப்பு. இஸ்பேட்டும் கிளாவரும் இரண்டுமே கறுப்பு. விரல் நுனியளவுகூட இல்லாத அந்தச் சின்னத்தில் ஆட்டினின் உச்சிப் பள்ளத்தையும் கிளாவரின் மூன்று உருண்டைகளையும் பிரித்துக்காட்டுவது ஒன்றிரண்டு பிக்சல்களே. என்னைக் கேட்டால், ராஜா ராணியின் ஆடை அலங்காரத்தைவிட இந்த மூலைதான் பெரிய சாதனை. மணிக்கணக்கில் ஆடியும் ஆட்டினை டைமன் என்று நினைத்து யாரும் இழுத்ததில்லையே!

படச்சீட்டுகளைப் பார்க்கும்போது வேறொரு கேள்வி கேளுங்கள்: எதை விட்டுவிட்டார்? அச்சுச் சீட்டில் இழை இழையாக இருக்கும் வேலைப்பாட்டில் எது போனாலும் ராஜா ராஜாவாகவே இருப்பார் என்று ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வைக் கண்டுபிடிப்பதுதான் ரசனை.

கேர் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கவும் இல்லை. மெக் விசைப்பலகையின் கமாண்ட் குறி, நான்கு மூலையிலும் வளையம் கொண்ட அந்தச் சதுரம், ஸ்வீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் பலகைக் குறி. சின்னங்களின் தொகுப்பு நூல் ஒன்றைப் புரட்டி அதை எடுத்தார். சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் வடிவமைப்பாளரின் திறமைதான்.

அவருடைய சிகாகோ எழுத்துரு, 2001-ல் வந்த முதல் ஐபாடின் சிறிய திரையிலும் வேலை செய்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய கட்ட நோட்டுப் பக்கங்களைச் சேகரித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் சாலிடேர் 2019-ல் உலக வீடியோ கேம் புகழ் மன்றத்தில் இடம்பெற்றது. அடுத்த முறை ஆடும்போது பழைய சீட்டுகளின் படம் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்து, ஆட்டின் ஏழு சீட்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.